ஒரு நீச்சல் உடையின் உள்பக்கம்

பழைய உடைகளை அடையாளம் கண்டு காலம் சொல்லும் வேலைக்கு வந்திருக்கும் உங்களில் எத்தனை பேர் ஓர் உடையை உள்பக்கம் திருப்பிப் பார்த்திருக்கிறீர்கள்? அண்மையில் என்னைப் பேச அழைத்தபோது இதைத்தான் முதலில் கேட்டேன். எதிரே பதினேழு பேர் உட்கார்ந்திருந்தீர்கள். இரண்டு கைகள் உயர்ந்தன. அவற்றில் ஒன்று, மின்விசிறியை வேகமாக வைக்கச் சொல்லி உயர்ந்த கை.

அன்றைக்குச் சொல்ல நினைத்ததில் பாதியைச் சொல்லவில்லை. ஒலிபெருக்கி கரகரத்தது. நாற்காலிகளில் நான்கு ஆடின. தேநீர் வந்ததும் உங்கள் கவனம் போய்விட்டது. ஆகவே எழுதித் தருகிறேன். எழுதியதை விட்டு நடுவில் எழுந்து போனாலும் எனக்குத் தெரியாது. அந்த அவமானமாவது எனக்கு மிச்சம்.

நான் புதுச்சேரியில் ஒரு பழம்பொருள் கடையில் வேலை பார்த்தேன். நாற்காலி, அலமாரி, விளக்கு என்று எல்லோரும் விரும்பும் பொருட்களை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். துணி என் தலையில் விழுந்தது. கொஞ்சம் பிரெஞ்சு படித்திருந்தேன்; கண் நன்றாக இருந்தது; முடியாது என்று சொல்லும் துணிச்சல் இல்லை. துணியிலும் எனக்கென்று வந்து சேர்ந்தவை பெண்களின் நீச்சல் உடைகள். பெட்டியைத் திறக்கும் வீட்டார் பட்டுத் துணியையும் சரிகையையும் தாங்களே வைத்துக்கொள்வார்கள். அடியில் கிடக்கும் நீச்சல் உடையை இரண்டு விரலால் தூக்கி, "இத மொதல்ல எடுத்துட்டுப் போங்க சார்" என்பார்கள். மற்ற ஊர்களில் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே பெட்டிக்கடியில் நீச்சல் உடை இருக்காது.

காலம் கணிக்கும் பொது வழிகளை நான் விவரிக்கப் போவதில்லை. கம்பளித் துணியில் முழங்கால் வரை கால்சட்டை, அதன் மேல் பாவாடை, மாலுமிகள் போடுவது போன்ற அகலக் கழுத்துப்பட்டி என்றால் மிகப் பழையது. உடலோடு ஒட்டும் பின்னல் கம்பளி அதற்குப் பிறகு. ரப்பர் இழை அதற்கும் பிறகு, நைலான் கடைசி. இதை எங்கே வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். எங்கும் எழுதியிராதது ஒன்று உண்டு. நம் ஊர்த் தையற்காரர்களிடம் ஒரு படத்தைக் காட்டினால் போதும், அப்படியே தைத்துக் கொடுப்பார்கள். படம் எந்தக் காலத்தது என்று கேட்க மாட்டார்கள். அதனால் இங்கே துணி வெட்டிய பாணியை மட்டும் பார்த்துக் காலம் சொன்னவர்கள் எல்லோரும் ஏமாந்திருக்கிறார்கள்.

ஒருமுறை சென்னையிலிருந்து ஒரு வியாபாரி கடைக்கு வந்தார். விரல்களில் ஐந்து மோதிரம். நான் எடுத்துக் காட்டிய கோடு போட்ட கம்பளி உடையின் ஓரத்தை வாயருகே கொண்டுபோய் நாக்கை நீட்டித் தொட்டார்.

"உப்புக் கரிக்குது. கடல்ல குளிச்ச துணி. சந்தேகமே இல்ல, நான் எடுத்துக்கறேன்" என்றார்.

"அந்தச் சன்னல் கம்பியையும் கொஞ்சம் நக்கிப் பாருங்க சார். அதுவும் கடல்ல குளிச்சதுதான்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கடற்காற்று அடிக்கும் ஊரில் சன்னல், நாற்காலி, நாள்காட்டி எல்லாமே கரிக்கும். அந்த உடை தண்ணீரையே பார்த்ததில்லை. கம்பளி சுருங்கவில்லை, மடித்த கோடுகள் கத்தி போல இருந்தன. ஸ்டுடியோவில் வரைந்த கடலுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வதற்காகத் தைத்தது. இதை நான் விளக்கி முடிப்பதற்குள் அவர் வாசலைத் தாண்டிவிட்டார். முதலாளி அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. நான் சொன்னதில் ஒரு சொல் தவறில்லை. சரியாகச் சொன்னதற்காக யாராவது உங்களுக்கு நன்றி சொல்வார்கள் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

இனி, அன்று ஒலிபெருக்கியில் நான் சொல்லாமல் விட்டது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு அல்போன்ஸ் என்பவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "முசியே, வீட்டுக்கு வந்து ஒரு மாயோவப் பாத்துச் சொல்லணும்" என்றார். ஐயாவை முசியே என்பதும் நீச்சல் உடையை மாயோ என்பதும் பிரெஞ்சு பேசும் குடும்பங்களின் வழக்கம். அல்போன்ஸ் பிரான்சிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாயார் இறந்ததும் திரும்பி வந்து, பூர்வீக வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றிக்கொண்டிருந்தார். தாயாரை எல்லோரும் மதாம் என்றுதான் அழைப்பார்கள்.

நான் போனபோது கூடத்தில் மூன்று பேர் இருந்தார்கள். அல்போன்ஸ் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். தூணோரம் அஞ்சலை என்ற அம்மாள் நின்றாள். இளம் வயதில் அந்த வீட்டுக்குச் சமையலுக்கு வந்து, மதாமின் கடைசி மூச்சு வரை கூடவே இருந்தவள். வீட்டின் பின்கட்டில் ஓர் அறையில் குடியிருந்தாள். அவள் பக்கத்தில் மகன் வேலு. தவளக்குப்பம் சந்திப்பில் கம்பி, சிமெண்டு விற்கும் கடை வைத்திருப்பவன். வெள்ளைச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

மேசைமேல் கருநீலத்தில் ஒரு நீச்சல் உடை. பக்கத்தில் சட்டம் போட்ட ஒரு பழைய புகைப்படம். படத்தில் ஓர் இளம்பெண் அதே போன்ற உடையில் மணலில் நிற்கிறாள்.

"எங்கம்மாவோட அத்தை. பிரான்சுக்குப் படிக்கப் போனவங்க" என்றார் அல்போன்ஸ். "போட்டோவுல இருக்கறதும் மேசையில இருக்கறதும் ஒரே மாயோ. நூறு வருஷத்துச் சாமான். பாரீசுல எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்குப் படம் அனுப்பினேன், அவரும் அதே காலந்தான்னு சொல்லிட்டார். நீங்க எழுதிக் குடுத்தாப் போதும்."

"எதுக்கு எழுதணும்?"

"ஒண்ணு, வாசல்ல கண்ணாடி போட்டு மாட்டறதுக்கு. இன்னொண்ணு, போலீசுக்கு. இது எங்க இருந்து கெடைச்சிது தெரியுமா? இந்த அம்மாவோட டிரங்குப் பெட்டியிலேர்ந்து."

"போலீசுன்னு எல்லாம் பேசாதீங்க முசியே" என்றான் வேலு. "எங்கம்மா இந்த வீட்டுல எம்மாங் காலம் ஒழைச்சிருக்குது. ஒரு கரண்டி காணாமப் போயிருக்குதா? கேட்டுப் பாருங்க."

"கரண்டி போவல தம்பி. மாயோதான் போயிருக்கு."

"மதாம்மா குடுத்தாங்க" என்றாள் அஞ்சலை.

"எதுக்குக் குடுத்தாங்க?"

அவள் தூண் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தக் கேள்வியை அவர் அதற்கு முன்பே பலமுறை கேட்டிருக்க வேண்டும். மகன் அவள் முகத்தைப் பார்த்த விதத்தில், அவனும் கேட்டிருக்கிறான் என்று தெரிந்தது.

அல்போன்ஸ் என்னிடம் திரும்பினார். "முசியே, நான் கெட்டவன் இல்ல. அஞ்சலை சாகற வரைக்கும் அந்த அறையில இருக்கட்டும்னு எங்கம்மா எங்கிட்ட சொல்லிட்டுப் போனாங்க. நானும் சரின்னேன். இப்போ விடுதிக்குத் துணி தொவைக்கிற மெஷினு வைக்க எடம் இல்ல. இருந்தாலும் சொன்ன சொல்ல மீற மாட்டேன். ஆனா திருட்டுன்னு ஆயிட்டா, அந்தச் சொல்லு செல்லாது. நீங்க பாத்துச் சொல்லுங்க. இது போட்டோவுல இருக்கறது இல்லன்னா, அறை அவளுக்கு. இதுதான்னா, இன்னிக்கே காலி பண்ணிட்டுப் போயிடட்டும். போலீசு வேண்டாம், நானும் மறந்துடறேன்."

இப்படித்தான் ஒரு கிழவியின் கூரை என் பூதக்கண்ணாடிக்குக் கீழே வந்து சேர்ந்தது. உங்களுக்கும் வரும். காலம் மட்டும் சொன்னால் போதும் என்றுதான் கூப்பிடுவார்கள். காலத்தை மட்டும் கேட்டு யாரும் கூப்பிட்டதில்லை.

உடையைச் சன்னலோரம் கொண்டுபோனேன். முதலில் வெளிப்பக்கம். படத்தில் பாவாடை ஓரத்தில் மூன்று வெள்ளைக் கோடுகள், இதிலும் மூன்று. படத்தில் கழுத்துப்பட்டியில் இரண்டு, இதிலும் இரண்டு. பொத்தான்கள் அங்கே ஆறு, இங்கே ஆறு. பாரீசுக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

உள்பக்கம் திருப்பினேன்.

விளிம்புகள் ஓவர்லாக் அடித்தவை. தையல் நூல் டெரிலின், நூறு வருடத்துக்கு முன்பு இல்லாத செயற்கை இழை. ஒரு பிசிரை எடுத்துச் சன்னலுக்கு வெளியே தீக்குச்சியில் காட்டினேன், சாம்பலாகாமல் உருண்டு கருமணியானது. தையலுக்கு உள்ளே இரண்டு விரல் அகலத்துக்குத் துணி விட்டிருந்தது. உடம்பு பெருத்தால் பிரித்து விடலாம் என்று நம் ஊர்த் தையற்காரர்கள்தான் இப்படி விடுவார்கள். கடைக்கென்று தைக்கும் வெள்ளைக்காரன் ஒரு நூல் அகலம் கூட விட மாட்டான். துணி கம்பளியே இல்லை. பெண்கள் பள்ளிக்கூடச் சீருடைக்கு எடுப்பார்களே, அந்தக் கருநீலத் துணி, வெயிலிலும் உப்பிலும் வெளுத்திருந்தது. வெள்ளைக் கோடுகள், உள்பாவாடைக்குக் கோக்கும் நாடா.

இவற்றையெல்லாம் விட ஒன்று எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. படத்தில் அந்தப் பெண்ணின் இடது இடுப்பருகே பாவாடையில் ஒரு மடிப்பு விழுந்திருந்தது. காற்றில் தற்செயலாக விழுந்த மடிப்பு. இந்த உடையில் அதே இடத்தில், இடதுபக்கம் மட்டும், ஒரு மடிப்பை ஊசியால் எடுத்துத் தைத்திருந்தது. வலதுபக்கம் இல்லை. தைத்தவன் படத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு காற்றையும் சேர்த்துத் தைத்திருக்கிறான். நம் ஊர் ஆட்களைத் தவிர வேறு யாரும் இவ்வளவு கீழ்ப்படிய மாட்டார்கள்.

ஆக, இது படத்தில் இருக்கும் உடை இல்லை. அதைப் பார்த்து இங்கேயே, முப்பது வருடங்களுக்குள் தைத்தது. அறை அஞ்சலைக்கு. அத்தோடு நான் துணியை மடித்து வைத்திருக்கலாம். ஆனால் கழுத்துப்பட்டியை இன்னும் பார்க்கவில்லை. பார்க்காமல் எழுந்திருப்பது எனக்குப் பழக்கமில்லை.

பட்டியின் உள்பக்கம் வெள்ளைத் துணி. கழுத்தைச் சுற்றிப் பின்னங்கழுத்து வரை, இருபுறமும், மெல்லிய மஞ்சள் கறை. பழுத்துப்போன துணி இப்படி வரி பிடித்தாற்போல மஞ்சளாகாது. என் பையில் எப்போதும் சவுக்காரத் தண்ணீர் ஒரு சின்னக் குப்பியில் இருக்கும். பஞ்சு நுனியை நனைத்து ஓரமாக ஒற்றினேன். பஞ்சில் சிவப்பு ஏறியது.

மஞ்சள் பூசும் வீடுகளில் துணி வெளுத்தவர்களுக்கு இது புதிதல்ல. சவுக்காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். இந்த உடையைப் போட்டவள் கழுத்தில் மஞ்சள் கயிற்றில் தாலி கட்டியிருந்தவள். மதாம் கிறிஸ்தவர், கணவரை இழந்து நெடுங்காலம் ஆனவர். சுவரில் இருந்த படங்களில் அவர் கழுத்தில் தங்கச் சங்கிலியும் சிலுவையும்தான்.

நான் தலையை நிமிர்த்தினேன். அல்போன்ஸ் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அஞ்சலை மட்டும் என் கையில் இருந்த பஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கழுத்து இப்போது வெறுமையாக இருந்தது. மெதுவாக, யாருக்கும் தெரியாமல், ஒருமுறை தலையை ஆட்டினாள். வேண்டாம்.

பஞ்சைக் கைக்குள் மூடிக்கொண்டேன். மேசைக்குத் திரும்பி வந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். இது அந்த உடை அல்ல. அந்தப் படத்தைப் பார்த்து இந்த ஊரில் பிற்காலத்தில் தைத்தது. நூலும் துணியும் சாட்சி.

வேலு மூச்சு விட்டான். "கேட்டுக்குங்க முசியே. சார் வாயாலயே வந்துட்டுது."

அல்போன்சுக்கு முகம் கறுத்தது. வாசலில் மாட்ட வைத்திருந்த நூறு வருடமும் போயிற்று, துணி துவைக்கும் இடமும் போயிற்று. உடையைத் தூக்கி விரித்துப் பிடித்தார். "சரி, பழசு இல்ல. ஆனா இந்த வீட்டுப் படத்தப் பாத்துதான தச்சிருக்கு? அப்போ இந்த வீட்டுச் சாமான்தான? எங்கம்மா தச்சிக்கிட்டது."

தோள்பட்டையைப் பார்த்ததும் அவரே நிறுத்தினார். மதாம் நல்ல உயரம், அகன்ற தோள். சுவரில் மாட்டியிருந்த ஏழு படங்களில் ஐந்தில் அது தெரிந்தது.

"எங்கம்மா தோளு இதுல நொழையாதே" என்றார். உடையை அப்படியே காற்றில் திருப்பி, தூணோரம் நின்றவளுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தார். "வுவாலா! இதோ பாரு! அஞ்சல, ஒனக்குத் தச்சதா? போட்டுக்கிட்டு எங்க போன, பீச்சுக்கா?"

அவர் கேலிக்குத்தான் சொன்னார். உண்மை அவர் வாயிலிருந்து தற்செயலாக விழுந்தது. வேலு இரண்டே எட்டில் மேசைக்கு வந்துவிட்டான்.

"மருவாதையா பேசு! யாரப் பாத்து என்னா சொல்ற?"

"கேக்கறேம்பா. அவ பெட்டியில இருந்துது, எங்கம்மா அளவு இல்ல, பின்ன யாரு போட்டது?"

"எங்கம்மா இத்தத் தொட்டுக்கூடப் பாத்திருக்காது. தொடையக் காட்டிக்கிட்டு நிக்கிற பொம்பள இல்ல எங்கம்மா. இத்தப் போட்டுக்கிட்டு நின்னான்னு சொல்றதுக்கு, திருடின்னே சொல்லிட்டுப் போ! அத்தக்கூட நான் தாங்கிப்பேன்."

அல்போன்ஸ் என்னைப் பார்த்தார். "முசியே, நீங்கதான் நிபுணர். சொல்லுங்க. யாரு போட்டது? ஏதாவது தெரியுமில்ல?"

எனக்குத் தெரியும். என் உள்ளங்கையில் பஞ்சு ஈரமாக இருந்தது. ஒரு வாக்கியம் சொன்னால் அந்த அறை அவளுடையது. அளவும் கறையும் அவள் பக்கம். அதே வாக்கியத்தில் அவள் மகன் அவளுடையவனாக இருக்க மாட்டான். இந்த இரண்டையும் எடை போட எனக்கு யார் உரிமை கொடுத்தது? உங்களில் கெட்டிக்காரர்கள் இந்த இடத்தில் உடனே ஒரு விடை சொல்வீர்கள். அந்தக் கூடத்தில் நின்று சொல்லிப் பாருங்கள்.

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குள் அஞ்சலை பேசிவிட்டாள்.

"நாந்தான் எடுத்தேன், சின்ன முசியே."

அல்போன்ஸ் கையில் இருந்த உடையை மேசைமேல் வைத்தார்.

"மதாம்மா அலமாரியில இருந்துது. யாருதோ, எவுருதோ. துணி கெட்டியா இருந்துது, பேத்திக்குப் பாவாட தச்சிக்கலாம்னு எடுத்து வச்சேன். குடுத்தாங்கன்னு சொன்னது பொய்யி."

"யம்மா!" என்றான் வேலு.

"நீ செத்த சும்மா இருடா. அவுரு கேட்டாரு, சொல்லிட்டேன். சாயங்காலத்துக்குள்ள அறையக் காலி பண்ணிடறேன்."

அல்போன்சின் முகத்தில் வந்த நிம்மதியை நான் மறக்கவில்லை. திருட்டு நடந்ததாகக் கேள்விப்பட்டு அவ்வளவு மகிழ்ந்த ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. "பரவால்ல அஞ்சல, மனுசங்கதான், போவட்டும்" என்று மன்னிக்கவும் செய்தார். மன்னிப்பதற்கு அவருக்கு நேரம் இருந்தது, இடமும் கிடைத்துவிட்டது.

வேலு ஆட்டோ கூப்பிடத் தெருவுக்குப் போனான். அம்மாவைத் திரும்பிப் பார்க்காமல் போனான். அஞ்சலை டிரங்குப் பெட்டியையும் இரண்டு பைகளையும் வாசலுக்குக் கொண்டுவந்து வைத்தாள். நான் என் குப்பியையும் கண்ணாடியையும் பையில் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"உள்ள போய் அவர்கிட்ட தனியாச் சொல்றேன்மா. உங்க பையனுக்குத் தெரிய வேணாம்."

"சொல்லாதீங்க சார். சின்ன முசியேவுக்கு வாயி நிக்காது. நாளைக்கே தவளக்குப்பம் வந்து சேந்துடும். எம் புள்ள நாலு பேரு வர்ற கடையில ஒக்காந்திருக்கறவன்."

"அறை போயிடுச்சே."

"போயிட்டுது." பையின் வாயைச் சுருட்டிக் கட்டினாள். பிறகு, நான் கேட்காமலே, தாழ்ந்த குரலில் சொன்னாள். "மதாம்மாவுக்கு முட்டியில நீரு. தண்ணிக்குள்ள நின்னாதான் வலி தெரியலம்பாங்க. தனியா எறங்க முடியாது. ஒரு நாளு நான் பொடவையோட எறங்கிப் புடிச்சேன். அல வந்து பொடவையச் சுத்தி இழுத்துப்புடுச்சி, ரெண்டு பேரும் உருண்டோம். அப்புறந்தான் அந்தப் போட்டோவக் காட்டி, இதுன்னா போட்டுக்குவியாடின்னு கேட்டாங்க. கையி மூடியிருக்குது, முட்டி மூடியிருக்குது. சரின்னுட்டேன். ஊருக்கு வடக்கால ஆளு இல்லாத மணலாப் பாத்து, விடியற நேரத்துக்குப் போவோம். அப்ப எம் புருசன் இருந்தாரு. அவுருக்கும் தெரியாது."

"எத்தனை தடவை போயிருப்பீங்க?" என்று கேட்டேன். என் வாய்க்கு வேறு கேள்வி தெரியாது.

"அத்த யாரு எண்ணுனா?" என்றாள். "நீஞ்சக்கூடக் கத்துக்கினேன் சார். மதாம்மா கையக் கட்டிக்கிட்டுப் பாத்துக்கிட்டு நிப்பாங்க. போதும் வாடின்னு கத்துவாங்க. நான் வர மாட்டேன்."

ஆட்டோ வந்தது. வேலு பெட்டியை ஏற்றினான். தாயை ஏற்றவில்லை, அவளாகவே கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டாள்.

நான் எழுதிக் கொடுத்த சான்று மூன்று வரி. படத்தில் உள்ளது அல்ல. உள்ளூரில் பிற்காலத்தில் தைத்தது. அணிந்தவர் யார் என்று இந்த உடையைக் கொண்டு சொல்ல இயலாது. மூன்றாவது வரி பொய். என் வேலையில் நான் தெரிந்தே எழுதிய ஒரே பொய் அதுதான். அதற்காக நான் வெட்கப்படவில்லை. அந்தப் பொய்யால் யாருக்கும் ஒரு பயனும் விளையவில்லை என்பதுதான் எரிச்சல்.

அல்போன்ஸ் என் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டார். பாரீசுக்காரர் சொன்னதை அச்சடித்து, உடையையும் படத்தையும் ஒரே சட்டத்தில் வைத்து விடுதி வாசலில் மாட்டியிருக்கிறார். நூறாண்டுப் பழமை என்று மூன்று மொழிகளில் எழுதியிருக்கிறது. போய்ப் பார்த்தேன். நான் நின்ற நேரத்தில் பதினொரு பேர் அதன் முன்னால் படம் எடுத்துக்கொண்டார்கள். இடுப்பு மடிப்பு ஏன் ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. உங்களில் இரண்டு பேர் அந்த விடுதியில் விருந்துக்குப் போயிருக்கிறீர்கள் என்றும் அறிகிறேன். நீங்களும் கேட்கவில்லை.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது சின்ன விஷயம்தான். துணி தானே பேசும் என்று நம் தொழிலில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். பேசும். யாரைப் பற்றிப் பேசப்போகிறதோ அவர் அந்த அறையில் நிற்கலாம். உள்பக்கத்தைத் திருப்புவதற்கு முன்னால் எல்லோரையும் வெளியே போகச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் முறைப்பார், போகச் சொல்லுங்கள். கறை பார்ப்பதும் நூல் எரிப்பதும் தனியாக. தெரிந்துகொண்ட பிறகு யாரிடம் முதலில் சொல்வது என்று யோசிக்கக் கொஞ்சம் நேரமாவது கிடைக்கும். அன்று எனக்கு அது கிடைக்கவில்லை. உடையின் அளவையும் கறையையும் கணக்கிடத் தெரிந்த எனக்கு, கூடத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைக் கணக்கில் எடுக்கத் தோன்றவில்லை.

வெகுநாள் கழித்து, கடலூர் சாலையில் ஒரு வேலையாகப் போனவன் தவளக்குப்பத்தில் இறங்கினேன். காய்கறிக் கடை ஒன்றின் முன்னால் அஞ்சலை கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டாள். இளைத்திருந்தாள்.

"எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன் சார். சோத்துக்குக் கொறையில்ல. பேத்தி எங்கூடதான் படுத்துக்குது."

"பையன் பேசுறாரா?"

"பேசுறான். சாப்ட்டியான்னு கேக்கறான்." கத்தரிக்காயைத் திருப்பிப் புழு பார்த்தாள். "மருமவதான் பீரோ சாவிய இடுப்புலயே சொருகிக்கிறா. முன்னயெல்லாம் ஆணியில தொங்கும். இப்ப குளிக்கப் போனாக்கூட எடுத்துக்கிட்டுத்தான் போறா."

மகனைத் தனியாக உட்காரவைத்து நான் பக்குவமாக எடுத்துச் சொல்லட்டுமா, இத்தனை நாள் ஆகிவிட்டது, இப்போது கோபப்பட மாட்டார் என்றேன்.

அவள் பொறுக்கியதைத் தட்டில் போட்டு எடை போடச் சொன்னாள். சில்லறையை வாங்கி முந்தானையில் முடிந்தாள்.

"சாவிதான சார்" என்றாள். "வச்சிக்கட்டும்."